வெற்றிடத்தின் மேல் ஒரு வழக்கு

கம்ப்யூட்டருக்குரிய கட்டளைகளை வரிவரியாக எழுதிச் செல்லும் நிரலாளர்கள், தங்கள் தொழிலைச் சார்ந்த எத்தனையோ பெரிய விஷயங்களில் ஒருவரோடொருவர் இணங்கிப் போனாலும், அவ்வரிகளை இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே தள்ளித் தொடங்குவது, அந்தத் தூரத்தை டேப் விசையால் நிரப்புவதா ஸ்பேஸ் விசையால் நிரப்புவதா, ஒரு தொகுதியைத் திறக்கும் நெளிவு அடைப்பை முந்திய வரியின் கடைசியிலேயே இட்டுவிடுவதா அல்லது அதற்கென்று தனியே ஒரு வரியை ஒதுக்குவதா என்னும் கேள்விகளில் மட்டும் ஐம்பது ஆண்டுகளாக இணங்கியதில்லை. 2016-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'சிலிக்கான் வேலி' என்னும் நகைச்சுவைத் தொடரில், டேப் கட்சியைச் சேர்ந்த கதாநாயகன், தான் விரும்பிய பெண் ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி எழுதுவதைக் காணச் சகியாமல் உறவையே முறித்துக்கொள்கிறான். வெளியாருக்கு அது மிகை. தொழிலில் இருப்பவர்களுக்கோ, மிகையென்று ஒதுக்கிவிடவும் மனம் வராத ஒரு மிகை.

இத்தகைய பூசல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிஷங்களில் அங்கீகரித்துவிடும் ஒரு குழு, சைக்கிள் கொட்டகைக்கான சிறு செலவைப் பற்றி நெடுநேரம் வாதாடும் என்று பார்க்கின்சன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1957-இல் வேடிக்கையாக எழுதினார். அணு உலை எல்லோருக்கும் விளங்குவதில்லை, கொட்டகையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் எவருமில்லை என்பது அதன் தாத்பரியம். நிரலின் உருவத்தைப் பற்றிய சர்ச்சைக்கும் இது பொருந்துமென்று பலர் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அற்ப விஷயங்கள் எல்லாமே இவ்வளவு காலம் சண்டையை மூட்டுவதில்லையாதலால், இந்த அற்பத்துக்கு மட்டும் அப்படி என்ன பிரத்தியேகமான சக்தி வந்தது என்று விசாரிப்பது வீண் முயற்சி ஆகாது.

நிரலுக்கு வாசகர் இருவர். கட்டளைகளை யந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் ஒருவர். நாளைக்கு அதைத் திருத்த வரும் மனிதர் மற்றொருவர். சொற்களையும் குறிகளையும் இருவரும் படிக்கிறார்கள். வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடத்தை, பெரும்பாலான மொழிகளில், கம்பைலர் கண்டுகொள்வதேயில்லை. எந்த வரி எந்த வரிக்கு அடங்கியது, எந்தக் காரியம் எந்த நிபந்தனையின் கீழ் நடப்பது என்பதை மனிதர்தான் அந்த வெற்றிடத்தைக் கண்டு ஒரே பார்வையில் ஊகித்துக்கொள்கிறார். ஒரு காற்புள்ளி தவறினாலும் வேலை செய்ய மறுக்கும் யந்திரத்தின் நிர்ப்பந்தத்துக்குள்ளேயே நாள் முழுதும் உழலும் ஒருவருக்கு, அந்த யந்திரம் தலையிடாமல் விட்டுவைத்த இடம் இது. அங்கே அவர் தம் கையின் பழக்கத்தையே அழகென்றும் தர்மமென்றும் கொண்டாடத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

அந்தச் சுதந்திரம் ஆதியில் இருந்ததில்லை. ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் 704 என்னும் யந்திரத்துக்காக 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், ஒவ்வொரு வரியும் 80 நெடுவரிசைகள் கொண்ட ஒரு துளை அட்டை. முதல் ஐந்து நெடுவரிசைகள் வரியின் அடையாள எண்ணுக்கு, ஆறாவது முந்திய அட்டையின் தொடர்ச்சி இது என்று காட்டுவதற்கு, ஏழு முதல் 72 வரை கட்டளைக்கு, எஞ்சிய எட்டும் அட்டைக் கட்டு கைதவறிக் கீழே சிதறினால் மறுபடி வரிசைப்படுத்துவதற்கான எண்களுக்கு என்று இடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. 72 என்ற அந்த எல்லைகூட எவருடைய ரசனையிலிருந்தும் பிறந்ததன்று. 704-இன் அட்டை படிக்கும் கருவி ஒவ்வொரு வரிசையிலிருந்தும் 36 பிட் கொண்ட இரண்டு யந்திரச் சொற்களையே உள்வாங்கும், ஆதலால் 72. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அட்டையின் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதில் இவ்வளவு கண்டிப்புக் காட்டிய அதே மொழி, கட்டளைக்குரிய பகுதிக்குள்ளே வந்த வெற்றிடங்களை அறவே பொருட்படுத்தவில்லை. சொற்களை ஒட்டி எழுதினாலும் பிரித்து எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். அட்டைகள் மறைந்து வெகு காலமாயிற்று. ஆனாலும் 80 என்ற எண் மறையவில்லை: 1978-இல் வந்த வி.டி. 100 என்ற திரை 80 எழுத்து அகலமாயிருந்தது. பைத்தான் மொழியின் நடை விதிகள் வரிக்கு 79 என்று வகுத்தன. லினக்ஸ் கெர்னலின் சோதனைக் கருவி 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கும் வழக்கத்தை 2020-இல்தான் 100 என்று தளர்த்திக்கொண்டது.

கையை விடுவித்தது ஆல்கால் 60. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வகுத்து, பீட்டர் நவுர் என்பவர் அறிக்கையாகத் தொகுத்தளித்த அந்த மொழியில் நெடுவரிசைக் கணக்கே இல்லை; ஒரு தொகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லுமே காட்டிவிடுவதால், வரியை எங்கே முறிப்பது, எவ்வளவு தள்ளி எழுதுவது என்பவையெல்லாம் எழுதுவோனின் இஷ்டமாயின. அந்த வம்சத்தில் பின்னால் பிறந்த சி மொழி, நீண்ட சொற்களுக்குப் பதிலாக நெளிவு அடைப்புகளை வைத்துக்கொண்டது. சர்ச்சையின் விதை அங்கே விழுந்தது. கெர்னிகனும் ரிச்சியும் அம்மொழியைப் பற்றி 1978-இல் வெளியிட்ட பிரசித்தமான நூலில், அடைப்பை எங்கே இடுவது என்பது அவ்வளவு முக்கியமன்று, நாங்கள் வழக்கிலுள்ள பாணிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், நீங்கள் உங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்து அதை மாறாமல் அனுஷ்டியுங்கள் என்ற கருத்துப்பட எழுதினார்கள். மொழியோடு பாணியும் சட்டமாகியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் அது. அவர்கள் பெருந்தன்மையோடு அதைக் கைநழுவ விட்டார்கள்.

விளைவாக மடங்கள் தோன்றின. கெர்னிகன், ரிச்சி பாணியில் நிபந்தனை வரியின் கடைசியிலேயே அடைப்புத் திறக்கும். ஆனால் ஃபங்ஷன் ஒன்றின் தொடக்கத்தில் மட்டும் அது தனி வரிக்கு இறங்கும். இந்தத் தன்முரண்பாட்டை எதிர்க் கட்சியினர் இன்றளவும் மன்னிக்கவில்லை. பெர்க்லியில் இருந்த எரிக் ஆல்மன் எல்லா அடைப்புகளையும் தனி வரியில், தலைவரியின் நேர் கீழே நிறுத்தினார். திறப்பும் மூடலும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்று கண்ணுக்குத் தெளிவாயிருக்கின்றன என்பது அவர் பக்கத்தாரின் வாதம், திரையில் இருப்பதே 24 வரி, அதில் பாதியை அடைப்புக்கே தாரை வார்ப்பதா என்பது எதிர்வாதம். பிளாகர் நடத்திய ஒயிட்ஸ்மித்ஸ் கம்பெனியின் வழக்கில், அடைப்பு தான் சுற்றி வளைக்கும் வரிகளோடு சேர்ந்து தானும் உள்ளே தள்ளி நின்றது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ விதிகள் இரண்டு இடம் தள்ளி அடைப்பையும், மேலும் இரண்டு இடம் தள்ளி அதன் உள்ளடக்கத்தையும் வைத்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸுக்கு எழுதிய நடை விதிகளில், குனூ விதிகளை அச்செடுத்துப் படிக்காமலே கொளுத்துங்கள் என்று தொடங்கி, உள்தள்ளல் எட்டு இடமே, அதனால் வரிகள் வலது ஓரத்தில் முட்டுகின்றன என்றால் குற்றம் உங்கள் நிரலின் மேல், மூன்று படிக்கு மேல் உள்ளே போகிறவர் நிரலைத் திருத்தி எழுதட்டும் என்று தீர்ப்பளித்தார். நெற்றியில் நாமத்தின் பாதம் எதுவரை இறங்கலாம் என்று நூற்றாண்டுக்கணக்கில் கோர்ட்டு ஏறியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த உக்கிரம் அவ்வளவு புதிதாகத் தோன்றாது. ஆயினும் டோர்வால்ட்ஸின் கேலியினுள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. உள்தள்ளல் அகலமாக ஆக, சிக்கலான நிரல் தன் சிக்கலைத் தானே வெளிக்காட்டிக்கொள்கிறது. அடைப்பின் இடத்தைப் பற்றி இதற்கு ஈடான நியாயம் எதையும் எந்தக் கட்சியும் சொன்னதாகக் கொள்ள முடியவில்லை.

டேப், ஸ்பேஸ் விவகாரத்தின் சுபாவம் சற்று வேறு. டைப்ரைட்டரில் பட்டியல்களை அடிப்பதற்காக ஏற்பட்ட டேபுலேட்டர் விசை, ஆஸ்கி குறியீட்டில் ஒன்பதாம் எண்ணாக இடம் பெற்றது. அது ஒரு தூரத்தைக் குறிப்பதில்லை. அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்ற ஆணையையே குறிக்கிறது. அந்த நிறுத்தம் எங்கே என்பதைப் படிப்பவரின் திரை தீர்மானிக்கும்: பழைய டெர்மினல்களில் எட்டு, இன்றைய எடிட்டரில் நான்கோ இரண்டோ, அவரவர் விருப்பம். ஸ்பேஸ் அப்படியில்லை; எழுதியவர் நான்கு இடம் விட்டாரானால் உலகெங்கும் நான்குதான். ஆகவே நிரலின் தோற்றத்தின் மேல் அதிகாரம் எழுதியவருக்கா, படிப்பவருக்கா என்பதே இவ்வழக்கின் சாரம். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து எழுதும் பாதகத்தை மட்டும் இரு தரப்பாரும் ஒருமுகமாகக் கண்டிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இந்த எழுத்து எவ்வளவு காலம் மனிதரை ஆட்டிவைக்கும் என்பதற்கு, பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய 'மேக்' என்னும் கருவியே சாட்சி. அதன் கோப்பில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் வைத்தால், பார்வைக்கு அணுவளவும் வித்தியாசமில்லாமலிருந்தும், கருவி பிழை என்று நின்றுவிடும். இது சரியான ஏற்பாடன்று என்று உணர்ந்தபோது தமக்கு ஏறத்தாழ ஒரு டஜன் பயனாளர்கள் சேர்ந்துவிட்டதாகவும், அவர்களுக்குச் சிரமம் தர மனமில்லாமல் விட்டுவிட்டதாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த டஜன் பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் பலனை அதன்பின் வந்த லட்சக்கணக்கானவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரு கட்சிகளின் பலம் எவ்வளவு என்று கேட்டால், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2017-இல் தொழில்முறை நிரலாளர் 28,000-த்துக்கு மேற்பட்டவர்களிடம் பெற்ற பதில்களில் டேப் 40.7 சதவிகிதம், ஸ்பேஸ் 41.8 சதவிகிதம், மீதிப்பேர் இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள். அனுபவம், தேசம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும், ஸ்பேஸ்காரர்களின் சம்பளம் 8.6 சதவிகிதம் கூடுதலாக இருந்ததென்று அதே கணக்கு காட்டியது. இதைக் கண்டு விசையை மாற்றிக்கொண்டவர் எவராவது இருந்தால் அவருக்கு உயர்வு கிட்டியதா என்பது தெரியாது.

வழக்கையே இல்லாமல் செய்துவிட வேறொரு மார்க்கமும் இருந்தது. யந்திரம் பார்க்காத வெற்றிடத்தை யந்திரமும் பார்க்கும்படி செய்துவிட்டால், இரண்டு வாசகர்களும் ஒரே பொருளைத்தானே காண்பார்கள்? பீட்டர் லாண்டின் என்ற ஆங்கிலேய அறிஞர், அடுத்த எழுநூறு நிரல் மொழிகளைப் பற்றி 1966-இல் எழுதிய கட்டுரையில், ஒரு தொகுதியின் எல்லையை உள்தள்ளலே நிர்ணயிக்கும் விதியை வகுத்துக் கால்பந்து ஆட்டத்திலிருந்து அதற்குப் பெயரும் எடுத்தார். ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு நிலையத்தில் உருவான ஏ.பி.சி. என்னும் மொழி அவ்வழியே சென்றது. அங்கே பணிபுரிந்த கைடோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் அதை உலகப் பிரசித்தமாக்கியது. பைத்தானில் அடைப்பும் கிடையாது, அடைப்பைப் பற்றிய வாதமும் கிடையாது. வரியைத் தவறாகத் தள்ளி எழுதினால் நிரல் வேறு காரியம் செய்யும், அல்லது ஓடவே மறுக்கும். எதிர்காலப் பதிப்பிலிருந்து அடைப்புகளைத் தருவிக்கும்படி அம்மொழியைக் கேட்டால், அதற்கு வாய்ப்பே இல்லை என்று பதில் தரும்படி அதன் கர்த்தாக்கள் ஒரு குறும்பையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். இருந்தும் சர்ச்சை அடியோடு ஒழியவில்லை. தள்ளித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் வந்ததே ஒழிய, எவ்வளவு தள்ளுவது, எதனால் தள்ளுவது என்பவை திறந்தே கிடந்தன. 2001-இல் எழுதப்பட்ட நடை விதிகள் நான்கு ஸ்பேஸ் என்று பரிந்துரைத்ததும், மூன்றாம் பதிப்பு டேப்பையும் ஸ்பேஸையும் முறைகேடாகக் கலப்பதைப் பிழையென்றே தள்ளிவிட்டதும் அப்பால் நடந்தவை.

இந்த விஷயத்தில் பரிசோதனை பூர்வமான பிரமாணம் ஏதேனும் உண்டா என்று தேடினால், கிடைப்பது சொற்பமாயினும் சுவாரசியமானது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனும் அவருடைய சகாக்களும் 1983-இல் ஒரே பாஸ்கல் நிரலை உள்தள்ளல் இல்லாமலும், இரண்டு, நான்கு, ஆறு இடம் தள்ளியும் அமைத்து, கற்றுக்குட்டிகளிடமும் அனுபவசாலிகளிடமும் கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டு முதல் நான்கு வரையான அளவே புரிதலுக்கு உகந்ததாகக் கண்டது. 2019-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்ணசைவைப் பதியும் கருவிகளோடு 22 பேரை வைத்து அதே பரிசோதனையைப் புதுப்பித்தபோது, உள்தள்ளலின் அளவால் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, நிபந்தனைக்குள் நிபந்தனையாக அடுக்கப்பட்ட ஜாவா வரிகளில், உள்தள்ளல் அறவே இல்லாதபோது படிக்கும் நேரம் பெருமளவு கூடிப்போவதாகக் காட்டியது. இவற்றைச் சேர்த்து நோக்கினால், உள்தள்ளல் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயம், அது இரண்டா நான்கா என்பது மிகச் சிறிய விஷயம் என்ற முடிவே தேறுகிறது. நிரலாளர்களின் சண்டை முழுவதும் அந்த மிகச் சிறிய பகுதியிலேயே நடந்திருக்கிறது. பெரிய பகுதியில் எதிர்க் கட்சி என்று ஒன்று இருந்ததே இல்லை.

வெற்றிடம் பொய் சொன்னால் என்ன நேரும் என்பதை 2014 பிப்ரவரியில் உலகம் கண்டது. ஆப்பிள் கம்பெனியின் கைப்பேசிகளிலும் கம்ப்யூட்டர்களிலும், பாதுகாப்பான இணைப்பை நாடும்போது எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று கையெழுத்தைச் சோதிக்கும் சி மொழி நிரல் ஒன்றில், அடைப்பில்லாத ஒரு நிபந்தனையின் கீழே, சோதனை தவறினால் வெளியேறு என்னும் வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி நின்றன. படித்த மனிதருக்கு இரண்டும் அந்த நிபந்தனைக்கு அடங்கியவையாகவே தோன்றின. கம்பைலருக்கோ, அடைப்பில்லாதபடியால், முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குட்பட்டது, இரண்டாவது எப்போதும் நிறைவேறுவது. ஆகவே நிரல் ஒவ்வொரு தடவையும் அந்த வரியிலேயே தாவி வெளியேறிற்று. கடைசியாகச் செய்ய வேண்டிய கையெழுத்துச் சோதனை நடைபெறவே இல்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாமையால், எல்லாம் செம்மை என்றே பதிலும் போயிற்று. இடையே புகுந்த எவனும் வங்கியென்றும் தபாலென்றும் வேஷம் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை. இந்த விபத்துக்கு டேப் காரணமில்லை, ஸ்பேஸும் காரணமில்லை. இரு வாசகர்களுக்கு இரு வேறு கதைகளைச் சொல்லும் ஒரு பிரதி, இருவருக்கும் ஒன்றையே சொல்வதுபோல் காட்சியளித்ததுதான் காரணம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஜி.சி.சி. கம்பைலரின் ஆறாம் பதிப்பு, உள்தள்ளலும் உண்மைப் பொருளும் மாறுபடும் இடங்களைச் சுட்டி எச்சரிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. இவ்வளவு காலம் வெற்றிடத்தைப் பாராமலிருந்த யந்திரம், மனிதர் அதைப் படித்து ஏமாறுகிறார் என்பதற்காகவே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

உள்தள்ளலை மனிதர் கையிலிருந்து வாங்கிக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தப் பொய்க்கு இடமே இராது. ஒழுங்குபடுத்தும் கருவி ஆப்பிளின் நிரலைத் தொட்டிருந்தால், இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து அதன் நிஜ ஸ்தானத்தில் நிறுத்தியிருக்கும். பார்த்த எவரும் திடுக்கிட்டிருப்பார்கள். இத்தகைய கருவிகள் புதியவை அல்ல. 'இண்டென்ட்' என்பது 1970-களிலேயே இருந்தது; டெரெக் ஓபன் 1980-இல் அழகுபட அச்சிடும் முறைக்கு ஒரு நேர்த்தியான கணித வழியையும் வகுத்துத் தந்தார். ஆனால் அக்கருவிகள் எல்லாக் கட்சியையும் திருப்திப்படுத்த விரும்பின. அடைப்பு எங்கே, தள்ளல் எத்தனை என்று டஜன்கணக்கான விருப்பத் தேர்வுகளை வைத்தன. ஆகவே நிரலில் நடந்த சண்டை அமைப்புக் கோப்பில் தொடர்ந்து நடந்தது. கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் தொடங்கி 2009 நவம்பரில் வெளியிட்ட கோ மொழிதான் இதை அறுத்தெறிந்தது. அதனோடு பிறந்த கோஃபம்ட் என்னும் கருவியில் பாணியைத் தேர்ந்தெடுக்க வழியே கிடையாது. போதாக்குறைக்கு, வரி முடிவில் அரைப்புள்ளியைத் தானே சேர்த்துக்கொள்ளும் அம்மொழியின் இலக்கணத்தால், ஆல்மன் மடத்தார் அடைப்பைத் தனி வரிக்கு இறக்கினால் அது நடைப் பிழை ஆகாமல் இலக்கணப் பிழையாகவே முடியும். கோஃபம்ட் போடும் உருவம் எவருக்கும் மிகப் பிடித்தமானது இல்லை, ஆயினும் கோஃபம்ட்டை எல்லோருக்கும் பிடிக்கிறது என்ற பொருளில் பைக் சொன்னது பழமொழியாகவே வழங்கலாயிற்று. 2017-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த பிரெட்டியரும், 2018-இல் பைத்தானுக்கு வந்த பிளாக்கும் அதே மார்க்கத்தில் சென்றவை.

சுதந்திரத்தை இவ்வளவு எளிதாக மனிதர்கள் விட்டுக்கொடுத்தது ஏன் என்பதற்கு, என் கருத்தில், அலுப்பு மட்டும் போதிய காரணமாகாது. ஒரு நிரலை ஒருவரே எழுதிய காலத்தில் பாணி அவருடைய கையெழுத்து. நூறு பேர் எழுதி, ஒவ்வொரு மாறுதலையும் மற்றொருவர் பரிசீலித்து, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற சரித்திரத்தைக் கருவிகள் காத்துவரும் இக்காலத்தில், ஒருவர் தம் ரசனைக்காக இடத்தை மாற்றி வைத்தால் அது அர்த்தமில்லாத நூறு மாறுதல்களாகச் சரித்திரத்தில் ஏறிவிடுகிறது. கிட் என்னும் கருவியே 2019-இல், வெறும் உருவ மாற்றங்களைக் கணக்கில் கொள்ளாமல் ஒதுக்கிவிடும் வசதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ரசனையைச் சாராத வாதம் ஒன்று பாக்கியிருக்கிறது. பார்வை குன்றியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்போது நான்கு ஸ்பேஸ்கள் திரையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் காட்டியில் ஒரு வரிக்கு நாற்பது புள்ளிக் கட்டங்களே இருக்கக்கூடும், அதில் மூன்று படி உள்தள்ளலுக்குப் பன்னிரண்டு போய்விடும். டேப் என்றால் படிக்குக் கட்டம் ஒன்றே போதும்; அகலத்தை அவரவர் வேண்டியபடி சுருக்கிக்கொள்ளலாம். தோற்றத்தின் மேல் அதிகாரம் படிப்பவருக்கே என்று டேப் கட்சியார் சொல்லிவந்தது பிடிவாதமாகத் தோன்றிய காலத்திலும் அதற்குள் இந்தத் தர்மம் ஒளிந்திருந்தது. கோஃபம்ட் உள்தள்ளலுக்கு டேப்பையே கொண்டது இந்தக் காரணத்துக்காக என்று சொல்வதற்கில்லை. எனினும் பலன் நல்லது. பைத்தான் உலகம் நான்கு ஸ்பேஸில் உறைந்துபோனதை இந்த அளவில் ஒரு குறை என்றே சொல்ல வேண்டும்.

கருவியிடம் ஒப்படைத்ததில் நஷ்டமும் இல்லாமல் இல்லை. மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை வரிசை வரிசையாக, எண்ணின் கீழ் எண் நிற்கும்படி எழுதி வைத்தவரின் சிரத்தையை, விதிப்படி நடக்கும் கருவி ஒரு நொடியில் ஒரே நீள வரியாகக் குலைத்துவிடுகிறது. ஆகவேதான் பிளாக், பிரெட்டியர், ரஸ்ட் மொழியின் கருவி முதலியவை, இந்த இடத்தில் கை வைக்காதே என்று குறிப்பெழுதித் தடுக்கும் உரிமையை எழுதுவோருக்கு வைத்திருக்கின்றன. கோஃபம்ட்டில் அந்தத் தடை உரிமையும் கிடையாது. ஆனால் எல்லாவற்றிலும் கண்டிப்பான அந்தக் கருவி வரியின் நீளத்துக்கு எந்த எல்லையும் வகுக்கவில்லை. எழுதுவோர் வரியை முறித்த இடத்தில் முறித்தபடியே விட்டுவிடுகிறது. அணியை மூன்று வரியாக எழுதினால் அங்கே அது மூன்று வரியாகவே நிற்கும்.